அக்காவின் எட்டுத் தறிகள்

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலையில் கறுப்பு ஹெட்போன். காலையில் வைத்த பிச்சிப்பூ நசுங்கிவிடுமே என்று அதை இரண்டு தடவை தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டாள். சீக்கிரம் முடிக்கச் சொல்லு என்று என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடியில் இருக்கிறது அந்தக் காது பரிசோதனை நிலையம். கீழே பால்கோவா கடை. பால் சுண்டுகிற வாசம் படியேறி வந்து அறைக்குள் நின்றது.

"சத்தம் கேட்டா கையத் தூக்குங்கம்மா. லேசாக் கேட்டாலும் தூக்கிரணும்" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள் சோதனை செய்யும் பெண். அவள் முன்னால் மேசையில் ஒரு பெட்டி, அதில் பொத்தான்கள்.

அக்கா கையைத் தூக்கினாள். வலது காதுக்குத் தூக்கினாள், இடது காதுக்குத் தூக்கினாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"இருபது வருசத்துக்கு மேல தறியில இருக்காங்கன்னு சொன்னீங்க. இவங்களுக்குப் பாம்புச் செவியில்ல இருக்கு!" என்று அந்தப் பெண் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

எனக்கு மூச்சு வந்தது. ஒரு வாரமாக அரித்த சந்தேகம் சட்டென்று விலகியது. கீழே போய் ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா வாங்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது அந்தப் பெண்ணின் துப்பட்டா சரிந்தது. வலது தோளை உயர்த்தி அதை இழுத்துவிட்டாள். பொத்தான் எதையும் அவள் அழுத்தவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா கையைத் தூக்கினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது, அக்கா பார்த்துக் கை தூக்கியது பொத்தான் அழுத்தும்போது அசைகிற அந்தத் தோளைத்தான். "நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட முடியுமா?" என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை. அந்தப் பெண் உள்ளே போய்த் திருப்பிப் போட்டாள். திரும்பி உட்காருவதற்கு முன்னால் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுத எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

பொத்தான் அழுந்தியது. அந்தப் பெண் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி கூட்டினாள். அக்காவின் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன.

ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதிய, ஸ்வீடன் பனியில் முட்டி பெயர விழுந்த கதையைப் படித்துவிட்டு, சிவகாசி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விழுந்தது எழுந்தது எல்லாம் இருக்கட்டும். நீங்கள் வெளிநாட்டில் படித்ததால் உங்கள் ஊருக்கு என்ன கிடைத்தது?"

சுருக்கென்றுதான் இருந்தது. கோபமும் வந்தது. கோபம் தணிந்த பிறகுதான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

ராஜபாளையத்தை ஒட்டிய எங்கள் தெரு, பேண்டேஜ் துணி நெய்கிற தெரு. உங்கள் வீட்டில் யாருக்காவது காயத்தில் கட்டுப் போட்டிருந்தால், அந்தத் துணி எங்கள் அக்காமார் கை பட்டதாக இருக்கலாம். வலை மாதிரி இடைவெளி விட்டு நெய்த வெள்ளைத் துணி. பார்க்கச் சாதுவான துணி. அது பிறக்கிற இடத்தில் மட்டும் காது கொடுக்க முடியாது.

விசைத்தறியில் குறுக்கு நூலைச் சுமக்கிற நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்து விரட்டப்படும். ஒரு தறி 'சடக் சடக்' என்று அடித்தாலே பக்கத்தில் நின்று பேச முடியாது. எங்கள் தெருவின் பெரிய தறிக் கொட்டகையில், நாங்கள் 'செட்' என்போம், நாற்பத்தெட்டுத் தறிகள். ஆறு பெண்கள், ஆளுக்கு எட்டு.

அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தொட்டிலில் தூங்கினோம். கரண்ட் போனால் தெருவில் உள்ள கைக்குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழும். தறி ஓடத் தொடங்கியதும் தானாக அடங்கும். வேறு எந்த ஊரிலும் இது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தெருக்காரர்கள் நலம் விசாரித்தால் வெளியூர்க்காரர்கள் விலக்கிவிட ஓடி வருவார்கள். செட்டுக்குள் மட்டும் யாரும் கத்துவதில்லை, கத்திப் பயனில்லை. அங்கே உதடும் விரலும்தான் பேச்சு. சம்பந்தம் பேசுவது, சண்டை போடுவது, அடுத்த வீட்டுக் கதை எல்லாமே உதட்டில் நடக்கும். அக்காவுக்குச் சோறு கொண்டுபோன காலத்தில் எனக்கும் அது கைவந்துவிட்டது. அதனால் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த உதவியைப் பற்றி இங்கே விளக்கமாக எழுதுவது நல்லதல்ல.

அக்கா பெயர் முனீஸ்வரி. எனக்கு எட்டு வயது மூத்தவள். அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து தறிக்குப் போக முடியாமல் போனபோது, ஒன்பதாம் வகுப்போடு பையைத் தூக்கி ஆணியில் மாட்டிவிட்டுப் போனவள். நான் படித்தேன். மதுரையில் மெக்கானிக்கல் முடித்தேன். கல்லூரியில் இயந்திரங்களின் அதிர்வு பற்றி ஒரு பாடம் வந்தது. அதிக இரைச்சலில் வேலை செய்தால் காதுக்குள் என்ன நடக்கிறது என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சத்தமே இல்லாத அறை

ஸ்வீடனில் இரைச்சலையும் அதிர்வையும் பற்றி மட்டுமே படிக்க ஒரு மேற்படிப்பு இருந்தது. உதவித்தொகைக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'என் அக்காவின் காதுகளைக் காப்பாற்ற' என்று தொடங்கி எழுதினேன். கிடைத்தது. பிறகு அங்கே எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அக்காவிலிருந்துதான் தொடங்குவேன். கைதட்டுவார்கள். சிலர் கண்ணைத் துடைத்ததும் உண்டு. அந்தக் கட்டுரையை நான் அக்காவுக்குப் படித்துக் காட்டியதே இல்லை.

அங்கே ஓர் அறை இருந்தது. சுவர், கூரை, தரை எல்லாம் கூரான பஞ்சு முக்கோணங்கள். எந்தச் சத்தமும் திரும்பி வராது. கதவைச் சாத்தினால் நம் வயிறு உருளுவது நமக்கே கேட்கும். உடன்படித்தவர்கள் அதற்குள் போய்த் தியானம் செய்தேன், அற்புதம் என்பார்கள். நான் ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டிவிட்டேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது அமைதியாகத் தெரியவில்லை, யாரோ இறந்து தறிகள் நின்றுபோன தெரு மாதிரி இருந்தது.

வாரம் தவறாமல் அக்கா கூப்பிடுவாள். சும்மா போனில் பேசினால் அவளுக்குப் பிடிக்காது.

"வீடியோல வாட்டி. மூஞ்சியப் பாத்தாத்தான் பேசுன மாதிரி இருக்கு" என்பாள்.

பனிக்காலத்தில் அங்கே மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். நான் சோம்பலாக, மேசை விளக்கு மட்டும் போட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். "ஏட்டி, லைட்டப் போடு. இருட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு?" என்று திட்டுவாள். எழுந்து போய் விளக்கைப் போடும்போது, இந்த அக்காவுக்குத்தான் என் முகத்தின் மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோவேன். அறைத் தோழியிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு.

செண்பகத்தோப்பில்

படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்து, திரும்பி வந்தேன். மதுரையில் ஒரு வேலை. சனி ஞாயிறு முழுக்க ஊரில். பெட்டியில் சத்தம் அளக்கிற கருவி.

செட் முதலாளி நல்ல மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன் மேல் எப்போதும் ஒட்டியிருக்கும் பஞ்சு. அவரும் அந்த செட்டுக்குள்ளேயே நின்று வளர்ந்தவர்தான். என் திட்டத்தைப் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "செய்யும்மா, நல்லாச் செய்யி" என்றார். நம் ஊரில் படித்த பெண்ணை இவ்வளவு மதிக்கிறார்களே என்று பூரித்துப்போனேன்.

செட்டை அளந்தாயிற்று. ஒப்பிட்டுக் காட்ட ஓர் அமைதியான இடத்தையும் அளக்கலாம் என்று மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போனேன். அக்காவையும் கூட்டிக்கொண்டேன்.

வனத்துறைச் சோதனைச்சாவடியில் காவலர் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, போட்டோ எடுக்கதா?"

"இல்லைங்க, சத்தத்தை அளக்கிறது."

"காட்டுல என்ன சத்தத்த அளக்கப் போறீக? ஆன வந்தா அளக்காம ஓடி வந்துருங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஓடைக் கரைப் பாறையில் உட்கார்ந்தோம். கருவியை முக்காலியில் நிறுத்தினேன். என் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்துச் சில்வண்டுகள் மரத்துக்கு மரம் போட்டி போட்டுக்கொண்டு கத்தின. காதுக்குள் ஊசி ஏறுகிற மாதிரி இருந்தது. இதை எழுதிக்கொண்டுபோய் அமைதி என்று காட்டினால் சிரிப்பார்கள். எரிச்சலோடு கருவியை மூடினேன்.

அக்கா தண்ணீரில் கால் விட்டபடி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்புட்டு அமைதியா இருக்கு" என்றாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

ரப்பர்

சத்தம் காற்று வழியாகவும் வரும், தரை வழியாகவும் வரும். தறியைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருப்பதால் மொத்தக் கட்டடமே அதிரும். காற்று வழிக்கு, ஸ்பின்னிங் மில்லில் கழிவாகிற பஞ்சைச் சாக்குத் துணியில் திணித்துத் தட்டிகளாகச் செய்து சுவரில் மாட்டினேன். தரை வழிக்கு, பழைய இரும்புக் கடையில் ரப்பர் கன்வேயர் பெல்ட் வாங்கி, துண்டு போட்டு அடுக்கி, தறிக் கால்களுக்கு அடியில் வைப்பது என்று முடிவு. ஸ்வீடனில் இதற்கென்றே விற்கிறார்கள். எங்கள் ஊருக்கு இந்த ரப்பரே போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், அந்தக் கணக்கில் தவறு எதுவும் இல்லை.

முதலில் அக்காவின் எட்டுத் தறிகளுக்குப் போட்டேன். சொந்த அக்காவில் தொடங்கினால் தெரு நம்பும் என்பது என் யோசனை. மறுநாள் அளந்தபோது அந்தப் பக்கம் இரைச்சல் நன்றாகவே இறங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்வீடன் பேராசிரியருக்குப் படத்தோடு கடிதம் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து முதலாளி ஒரு துணிச் சுருளைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். விரித்தார். விரித்த துணியில் சாண் அகலத்துக்கு ஊடை, அதாவது குறுக்கு நூல், இல்லை. நீளவாக்கில் பாவு நூல் மட்டும் வெறுமனே தொங்கியது. நாடாவில் நூல் தீர்ந்த பிறகும் தறி சும்மா ஓடியிருக்கிறது. அந்தப் பழைய தறிகள் நூல் தீர்ந்தால் தானாக நிற்கும் என்று நம்ப முடியாது. ஆள்தான் கவனித்து நிறுத்த வேண்டும்.

"முனீஸ் தறியில இப்படி வந்ததே கெடையாதே" என்றார் முதலாளி.

அடுத்த நாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் இரண்டு. அக்கா நூலைக் குறை சொன்னாள், கரண்ட்டைக் குறை சொன்னாள். சனிக்கிழமை நான் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். எப்போதும் எட்டுத் தறிக்கு நடுவில் செருப்பில்லாமல் அசையாமல் நிற்பாள். எந்தத் தறியில் கோளாறோ அதற்கு நேராகப் போவாள். சிறுவயதில் அதைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். அன்றைக்கு அவள் ஒவ்வொரு தறியாகக் கை வைத்துத் தொட்டுத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தாள். ரவிக்கை முழுக்க வேர்வை.

மறுநாள் அடுப்படியில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "அக்கா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள்.

ஆண்டாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பொய் சொல்லித்தான் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

மடவார் வளாகத்தில்

சோதனை முடிந்து கீழே இறங்கினோம்.  கோபுரத்தைப் பார்த்து நான் நடந்தபோது அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொய் சொல்லிக் கூட்டியாந்துட்டு ஆண்டாள எந்த மூஞ்சியோட பாக்க? மடவார் வளாகத்துக்குப் போவோம். அங்கதான் வைத்தியநாதர் இருக்காரு. உனக்குத் தோதான சாமி."

குத்தல்தான். ஆட்டோவில் போனோம். சாமி கும்பிட்டுவிட்டு வெளிப்பிராகாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். அவள் பக்கத்தில் உட்காரப் போன நான், யோசித்து எதிரே உட்கார்ந்தேன்.

"எப்பத்துல இருந்துக்கா?"

"நீ காலேஜ் சேரும்போதே காதுக்குள்ள இரைய ஆரம்பிச்சிருச்சு. பொறவு ஒவ்வொண்ணாப் போச்சு. மொதல்ல குருவிச் சத்தம். பொறவு கொலுசு. பொறவு உன் கொரலு."

"தறி எப்படிக்கா ஓட்டுன?"

"கால்லதான்" என்று பாதத்தைத் தட்டிக் காட்டினாள். "செருப்பக் கழத்திட்டு நின்னா எட்டுத் தறியும் உள்ளங்கால்ல தெரியும்ட்டி. ஒண்ணு வெறும ஓடுனா அந்தப் பக்கம் அடி மாறும். போய் நிறுத்திருவேன். நீ ரப்பரப் போட்ட. தரை செத்துப் போச்சு."

 அவள் காதைக் காப்பாற்ற ஏழு கடல் தாண்டிப் போய்ப் படித்துவந்து, அவளுக்கு மிச்சமிருந்த கேட்கும் வழியையும் பிடுங்கியிருக்கிறேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா."

"நீ கேட்டியா?" அக்கா குரலை உயர்த்தினாள். கோயிலுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவளுக்குத் தெரியவில்லை. "அக்காவுக்காகப் படிச்சேன், அக்காவுக்காகப் படிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லுத. அம்புட்டு வருசத்துல ஒருநா, ஒரே ஒருநா, அக்கா உனக்குக் காது எப்படி இருக்குன்னு கேட்டியாட்டி? மிசினு கொண்டாந்து செவத்த அளந்த. தறிய அளந்த. காட்டுல போயி அளந்த. நான் கூடவேதான இருந்தேன்?"

அழுதேன். சுற்றிலும் ஆள் இருந்தார்கள், இருந்தும் அழுதேன். அக்கா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். அவள் கோபம் வழக்கம்போலச் செத்த நேரம்தான்.

"ரப்பர எடுத்துரு. யார்கிட்டயும் சொல்லிராத. முதலாளிக்குத் தெரிஞ்சா தறியவிட்டு எறக்கி மூலையில நாடாவுக்குத் தார் நூல் சுத்த உக்கார வச்சிருவாரு. எட்டுத் தறி ஓட்டுனவ நானு."

சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தத் திங்கட்கிழமையே விடுப்புப் போட்டு, ரப்பரை உருவி எடுத்தேன். ரப்பர் சரியில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். தலையாட்டினார். அந்த வாரத்திலிருந்து அக்காவின் துணியில் ஊடை விட்டுப்போன இடம் ஒன்றுகூட இல்லை.

சாப்பாட்டு நேரம்

சிவகாசி வாசகருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்று அந்த செட்டில் தறிக்கு ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. நூல் தீர்ந்தாலோ நாடா சிக்கினாலோ எரியும். நாற்பத்தெட்டுத் தறிக்கும் அடியில் ரப்பர் இருக்கிறது. எல்லோரும் காதடைப்பு போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள், ஏனென்றால் தறியை இனிக் காதாலோ காலாலோ கவனிக்க வேண்டியதில்லை. விளக்கு யோசனை என்னுடையது அல்ல, தங்கத்துடையது. தங்கம் அக்காவுக்குப் பக்கத்து எட்டுத் தறியைப் பார்ப்பவள். ஆனால் அந்த விளக்கு வருவதற்கு முன்னால் ஒரு மதியம் நடந்தது. அதைச் சொல்லாமல் விளக்கைப் பற்றிப் பெருமையடிக்க எனக்கு உரிமை கிடையாது.

அக்காவின் காது போய்விட்டது. மற்ற ஐந்து பேருடைய காதையாவது காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு வெறி. அக்காவின் தறிகளை விட்டுவிட்டு மற்ற நாற்பதுக்கும் ரப்பர் போடலாம் என்று போனேன். சாப்பாட்டு நேரம். மோட்டார் நிறுத்தியிருந்தது. பஞ்சு மிதக்கிற வெயிலில் ஆறு பேரும் தூக்குச்சட்டியைத் திறந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி வாசல்பக்க நாற்காலியில் இருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க தறிக்கு வேண்டாம் தாயி" என்றாள் தங்கம், என் முகத்தைப் பார்த்தபடியே.

"ஏன்?"

"ரப்பர் வாட அடிக்கி."

"தறி ஆட்டம் குடுக்கும்" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஆள், எனக்கு இது ராசியில்லை என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை படித்து, இத்தனை தூரம் வந்து, வாடை அடிக்கிறது என்று ஒரு காரணமா? கருவியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன். "இது என்ன காட்டுதுன்னு தெரியுமா? இப்படியே போனா நீங்க எல்லாரும் செவிடாப் போயிருவீங்க!"

 தங்கம் கையில் எடுத்த கவளத்தை அப்படியே சட்டியில் வைத்தாள்.

அக்கா எழுந்தாள். கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி, கத்தாத" என்றாள். பிறகு மற்ற பெண்கள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எனக்குக் காது கேக்காது. ரொம்ப வருசமாக் கேக்காது. கால வச்சுத்தான் தறி ஓட்டுனேன். இவ ரப்பரப் போட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு. அதான் துணி கெட்டுச்சு. இப்பச் சொல்லிட்டேன். தார் சுத்தச் சொன்னாலும் சுத்துதேன்."

சத்தியம் வாங்கியவளே அதை உடைத்துவிட்டாள். நான் முதலாளியைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

தங்கம் தன் வலது காதில் விரலை வைத்தாள். "எனக்கு இது போயி ஆறு வருசமாச்சு மதினி. இன்னொண்ணும் பாதிதான். உன் தறியில துணி கெட்டதும் எனக்கு விளங்கிருச்சு. அதான் ரப்பர் வேண்டாம்னேன்."

"எனக்கு ரெண்டுந்தான்" என்றாள் ராசியில்லை என்றவள்.

அப்புறம் மற்ற மூன்று பேர். ஒருத்திக்குக் கொஞ்சம் போயிருந்தது, ஒருத்திக்கு முக்கால்வாசி. ஒருத்தி வாயே திறக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். வருடக்கணக்காக ஒரே கூரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். தார் சுற்ற உட்கார வைத்துவிடுவார்களோ என்று ஒருவருக்கு ஒருவர் மறைத்து, ஆறு பேரும் காலாலேயே தறி ஓட்டியிருக்கிறார்கள். நான் யாருடைய காதைக் காப்பாற்றப் போனேனோ, அவை எனக்கு முன்பே போய்விட்டிருந்தன.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். தார் சுற்றச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் தோள் பக்கம் குனிந்தார்.

"அவிய என்னம்மா சொல்லுதாக?" என்றார். "செத்த என்னையப் பாத்துச் சத்தமாச் சொல்லு."

அவர் முகத்தையே பார்த்தேன். மூன்று மாதமாக என் விளக்கங்களுக்கெல்லாம் ஆடிய தலை. அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"அவங்க ஆறு பேருக்கும் காது கேக்காதாம் முதலாளி. பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்திருக்காங்க."

அவர் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த அதே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டுந்தான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

கருவியைப் பையில் போட்டு மூடினேன். ஏழு பேரும் என் வாயைப் பார்க்கும்படியாக வட்டத்தில் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். "நீங்க சொல்லுங்க. என்ன செய்யலாம்?" என்று முதல் தடவையாகக் கேட்டேன்.